சாரா ஆல்குட்: அயர்லாந்து அரங்கின் தாய்க்குரல்

ஒரு நாட்டின் நாடக வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நாடக ஆசிரியர்களின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏட்டில் எழுதப்பட்டது எஞ்சி நிற்கிறது. மேடையில் பேசப்பட்டதோ திரை விழுந்த அன்றிரவே காற்றில் கலந்துவிடுகிறது. அயர்லாந்தின் நாடக மறுமலர்ச்சி என்றவுடன் யேட்ஸ், கிரகரி சீமாட்டி, சிங், ஓகேசி ஆகிய நால்வரின் பெயர்களும் இலக்கிய மாணவர் எவர்க்கும் நினைவுக்கு வரும். அந்நால்வரும் எழுதிய பெண் பாத்திரங்கள் பலவற்றுக்கு உயிர்க்குரல் தந்தவர் ஒரே நடிகை என்பதும், அவர் பெயர் சாரா ஆல்குட் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தம் வாழ்வையும் கலையையும் வரலாற்று நோக்கில் அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓர் இலக்கிய இயக்கத்தில் எழுதியவருக்கு எவ்வளவு பங்கு, பேசியவருக்கு எவ்வளவு பங்கு என்னும் வினாவையும் அவர் வாழ்க்கை நம்முன் வைக்கிறது.

டப்ளின் நகரத்துப் பெண்

சாரா ஆல்குட் 1880ஆம் ஆண்டையொட்டி டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஆல்குட் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளி, புரோட்டஸ்டண்ட் சமயத்தினர். தாய் மார்கரெட் கத்தோலிக்கர். அன்றைய அயர்லாந்தில் இவ்விரு சமயங்களும் ஒரு வீட்டுக்குள் கூடி வாழ்வது எளிய செயலன்று. சமய வேற்றுமை என்பது அங்கே வழிபாட்டு வேற்றுமை மட்டுமாக இருக்கவில்லை; அரசியல் சார்பையும், தொழில் வாய்ப்பையும், யாரோடு உறவாடலாம் என்பதையும் அதுவே முடிவு செய்தது. பிள்ளைகள் பலர் நிறைந்த அக்குடும்பத்தில் தந்தை இளமையிலேயே இறந்துபோக, வறுமை வந்து சேர்ந்தது. சாராவின் தங்கை மாலி அனாதை இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். சாரா நாற்காலிகளுக்கும் சாய்விருக்கைகளுக்கும் மெத்தை தைக்கும் பட்டறையில் தொழில் பழகச் சென்றார்.

பிற்காலத்தில் மேற்குக் கடற்கரையின் மீனவத் தாயாகவும், குடிசைவாழ் உழவர் மகளாகவும் மேடையில் தோன்றி, 'இவளே அயர்லாந்து' என்று அயல்நாட்டாரை வியக்கவைத்த பெண்மணி, உண்மையில் நகரத்தில் பிறந்து நகரத்தில் வளர்ந்த தொழிலாளர் குடும்பத்துப் பெண் என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். கிராமத்துப் பேச்சு அவருக்குப் பிறப்பால் வந்ததன்று; கேட்டும் பயின்றும் கைவரப்பெற்றது. அவரை இயல்பான கிராமியக் கலைஞர் என்று பாராட்டியோர் இந்த உழைப்பைக் காணத் தவறினர்.

இயக்கமும் பயிற்சியும்

1899ஆம் ஆண்டு யேட்சும் அவர்தம் நண்பர்களும் ஐரிஷ் இலக்கிய அரங்கினைத் தொடங்கியபோது ஒரு முரண்பாடு தலைதூக்கியது. நாடகங்கள் அயர்லாந்தைப் பற்றியவை. நடித்தவர்களோ இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். அயர்லாந்தின் சொற்கள் ஆங்கிலேயர் நாவில் அயலாகவே ஒலித்தன. இந்தக் குறையை நீக்கியவர்கள் வில்லியம் ஃபே, ஃபிராங்க் ஃபே என்னும் உடன்பிறந்தார் இருவர். ஒருவர் மின் தொழிலாளி, மற்றவர் அலுவலக எழுத்தர். பகலெல்லாம் வேலை பார்த்து, மாலையில் நாடகப் பித்துடன் கூடிய இளைஞர்களைக் கொண்டு அவர்கள் ஒரு குழுவை நடத்தி வந்தனர். மாட் கான் அம்மையார் 1900இல் தோற்றுவித்த 'அயர்லாந்தின் புதல்வியர்' என்னும் பெண்கள் அமைப்பிலிருந்து நடிகையர் கிடைத்தனர். 1902 ஏப்ரலில் அக்குழு யேட்சின் பெயரால் வழங்கும் 'கேத்லீன் நி ஹூலிஹான்' நாடகத்தை மேடையேற்றியது. கிரகரி சீமாட்டிக்கும் அதன் ஆக்கத்தில் பெரும்பங்கு உண்டு என்பது இன்று ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட செய்தி.

இவ்விடத்தில் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் சொல்லிவிடலாம். அதே ஆண்டு அக்குழுவுக்கு நாடகங்கள் எழுதித் தந்தவரும், ஃபே சகோதரர்களைக் கவிஞர் ஜார்ஜ் ரசலோடு இணைத்துவைத்தவருமான ஜேம்ஸ் கசின்ஸ், 1915இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். பின்னர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் ஆசிரியப் பணியாற்றி இந்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் துணைவியார் மார்கரெட் கசின்ஸ் நம் பெண்கள் இயக்க வரலாற்றில் இடம்பெற்றவர். ஆக, சாரா கால் வைத்த அந்தச் சிறு மேடையின் காற்று அடையாறு வரை வீசியிருக்கிறது.

'அயர்லாந்தின் புதல்வியர்' அமைப்பின் வழியாகவே சாராவும் நாடகக் குழுவுக்கு வந்தார். ஃபிராங்க் ஃபேயிடம் குரற்பயிற்சி பெற்றார். அவருடைய முறை கடுமையானது. உயிரொலிகளைத் தனித்தனியே நீட்டிப் பழகுதல், மூச்சை அளந்து விடுதல், அரங்கின் கடைசி இருக்கை வரை கத்தாமல் சொல்லைக் கொண்டுசேர்த்தல் ஆகியன அதில் அடங்கும். மேடையில் வீணாக அசைதல் கூடாது. பேசுபவரைத் தவிர மற்றவர் அசைவற்று நிற்க வேண்டும் என்பது அக்குழுவின் நெறி. சொல்லுக்கே முதலிடம் என்னும் இந்தக் கொள்கையில் வார்க்கப்பட்ட குரலே பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. 1903 அக்டோபரில் யேட்சின் 'மன்னனின் வாயில்' நாடகத்தில் சிறிய வேடத்தில் தோன்றினார். 1904 பிப்ரவரியில் சிங் எழுதிய 'கடலுக்குச் செல்வோர்' நாடகத்தில் மூத்த மகள் கேத்லீனாக நடித்தார்.

ஆபி அரங்கு

ஆனி ஹார்னிமன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, தேயிலை வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர், தம் பணத்தைக் கொடுத்து டப்ளினில் ஆபி தெருவில் ஒரு பழைய கட்டடத்தைச் செப்பனிட்டுத் தந்தார். 1904 டிசம்பர் 27ஆம் நாள் ஆபி அரங்கு திறக்கப்பட்டது. அன்றிரவு கிரகரி சீமாட்டியின் 'செய்தி பரவுகிறது' என்னும் நகைச்சுவை நாடகத்தில் ஃபாலன் என்பவரின் மனைவியாக நடித்து அவையைச் சிரிக்கவைத்தவர் சாரா. அவலத்தின் அரசி என்று பின்னர் போற்றப்பட்டவர், ஆபி மேடையில் முதலில் ஒலித்தது நகைச்சுவைக் குரலே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1905இல் அரங்கு ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாற்றப்பட்டு, நடிகர்களுக்கு ஊதியம் வழங்கும் ஏற்பாடு வந்தது. இதுவரை எல்லோரும் ஒன்றுகூடி முடிவெடுத்த குழு, இனி யேட்ஸ், கிரகரி, சிங் ஆகிய மூன்று இயக்குநர்களின் ஆளுகைக்கு உட்பட்டது. தேசத் தொண்டாகக் கருதி நடித்தவர்களுக்கு இது ஏற்புடையதாக இல்லை. மாய்ரா நிக் ஷூலி முதலியோர் விலகி வேறு அரங்கு அமைத்தனர். சாரா விலகவில்லை. பட்டறையில் உழைத்து வளர்ந்த ஒரு பெண்ணுக்குக் கலையால் ஊதியம் பெறுவது இழிவாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. விலகியவர்களின் கொள்கைப் பற்றையும், தங்கியவரின் வாழ்க்கைத் தேவையையும் ஒருசேர மதிப்பதே வரலாற்று நேர்மையாகும். அவர்கள் விலகியதால் ஆபியின் முதன்மை நடிகை என்னும் இடம் சாராவுக்கு வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

முதன்மை நடிகை என்றபோதிலும் எல்லா வேடங்களும் அவருக்குத் தரப்படவில்லை. 1906 நவம்பரில் யேட்சின் 'டெய்டிரா' மேடையேறியபோது காவியத் தலைவியாக நடிக்க வெளியிலிருந்து ஒரு தொழில்முறை நடிகை வரவழைக்கப்பட்டார். சாராவுக்குக் கிடைத்தது பாடும் மகளிருள் ஒருவர் என்னும் இடமே. உழவர் வீட்டுப் பெண்ணுக்குச் சாரா, அரசகுலப் பெண்ணுக்கு வேறொருவர் என்னும் இந்தப் பாகுபாடு பின்னாளிலும் வெவ்வேறு உருவில் அவரைத் தொடர்ந்தது. ஆனால் 1908இல் வில்லியம் போயல் மான்செஸ்டரில் சேக்சுபியரின் 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தை அரங்கேற்றியபோது இசபெல்லா வேடத்துக்குச் சாராவையே தேர்ந்தார். செய்யுளைச் செய்யுளாகவே பேசத் தெரிந்த குரலை அவர் தேடினார். அது ஆபியில் இருந்தது. யேட்ஸ் தம் வீட்டிலேயே வைத்திருந்த செல்வத்தை வெளியார் வந்து அடையாளம் கண்டனர் எனலாம்.

1907ஆம் ஆண்டின் அமளி

1907 ஜனவரி 26ஆம் நாள் சிங்கின் 'மேற்குலகின் விளையாட்டுப் பிள்ளை' முதன்முதலாக நடிக்கப்பட்டது. தந்தையைக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வரும் இளைஞன் ஒருவனை மேற்கு அயர்லாந்தின் சிற்றூர் ஒன்று வீரனாகக் கொண்டாடுவதே அதன் கதை. பெகீன் என்னும் கதைத்தலைவியாகத் தங்கை மாலி நடித்தார். மேடையில் அவர் பெயர் மாய்ரா ஓனீல். அந்த இளைஞனைத் தனக்காக்கிக்கொள்ள முயலும் கைம்பெண் குவின் வேடம் சாராவுக்கு. முதல் இரண்டு அங்கங்கள் அமைதியாகவே கழிந்தன. மூன்றாம் அங்கத்தில் பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் உச்சரிக்கப்பட்டதும் அவை கொந்தளித்தது. அதன்பின் அந்த வாரம் முழுவதும் கூச்சலும் குழப்பமுமாகவே நாடகம் நடந்தது. காவலர்கள் அரங்கினுள் நின்றனர்.

கூச்சலிட்டவர்களை அறியாதவர் என்று தள்ளிவிடுவது எளிது. ஆங்கில மேடைகளில் பல்லாண்டுகளாக ஐரிஷ்காரன் குடிகாரனாகவும் கோமாளியாகவுமே காட்டப்பட்டு வந்தான். தமக்கென ஒரு தேசிய அரங்கு வந்தபின்னும் தம் மக்கள் அவ்வாறே காட்டப்படுகின்றனர் என அவர்கள் எண்ணியதில் நெடுங்காலப் புண் ஒன்று இருந்தது. மறுபுறம், மக்களின் பேச்சையும் கற்பனையையும் உள்ளவாறே ஏற்றுக் கலையாக்குவதே உண்மையான தேசியம் என்பது சிங்கின் நிலை. இந்த வழக்கு மன்றங்களிலும் ஏடுகளிலும் நடந்தது. ஆனால் ஒவ்வோர் இரவும் அவையின் சினத்தை நேருக்கு நேர் நின்று ஏற்றவர்கள் நடிகர்களே. தம் சொல் தமக்கே கேட்காத அமளியில் நின்று, ஒரு வரியும் விடாமல் நடித்து முடித்த அந்த இளம் பெண்களின் துணிவுக்கு வரலாற்றில் தனியிடம் உண்டு.

மாலியும் சிங்கும் மணம் செய்துகொள்ள உறுதிபூண்டிருந்தனர். நோயுற்றிருந்த சிங் 1909 மார்ச் 24ஆம் நாள் மறைந்தார். அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற 'துயரங்களின் டெய்டிரா' 1910 ஜனவரியில் மேடையேறியபோது மாலி டெய்டிராவாகவும், அவளை வளர்த்த முதுமகளாகச் சாராவும் நடித்தனர். தன் காதலன் தனக்கென எழுதிய பாத்திரத்தை அவன் இறந்தபின் தங்கை நடிக்க, அவளை மேடையிலும் தாங்கும் வளர்ப்புத்தாயாக அக்காள் நின்றார்.

தென்கடல் நாடுகளில்

1910க்குப் பின் ஆபியின் பணநிலை தளர்ந்தது. ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்தபோது அரங்கை மூடவில்லை என்பதால் சினமுற்ற ஹார்னிமன் தம் உதவியை நிறுத்திக்கொண்டார். குழு அமெரிக்கப் பயணங்களை மேற்கொண்டது. 1912 ஜனவரியில் பிலடெல்ஃபியாவில் 'விளையாட்டுப் பிள்ளை'க்காக நடிகர்கள் கைது செய்யப்பட்ட நிகழ்ச்சியும் நடந்தது. சில ஆண்டுகளில் சாரா 'பெக் ஓ மை ஹார்ட்' என்னும் வெற்றி நாடகத்தின் தலைவியாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றார். ஆபியின் ஆழம் அந்நாடகத்தில் இல்லை. ஆனால் அரங்கு நிறைந்தது.

அப்பயணத்தில் தம்மோடு நடித்த ஜெரால்ட் ஹென்சனை 1916இல் சாரா மணந்தார். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த பெண் குழந்தை பிறந்தவுடனேயே இறந்தது. அதே ஆண்டு நவம்பரில், உலகெங்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன நச்சுக் காய்ச்சல் நியூசிலாந்தில் கணவரையும் பலிகொண்டது. உலகப் போர் முடிந்ததென ஊரெங்கும் மணி அடித்த மாதம் அது. சாரா மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சாரா மேடையில் அழுத தாய்மாரின் அழுகை அவர்தம் சொந்த அழுகையே என்று சொல்வதுண்டு. இரக்கத்தால் பிறந்த இந்தக் கருத்து முழு உண்மையாகாது. 'கடலுக்குச் செல்வோர்' நாடகத்தின் மூதாட்டி மோர்யாவாக, கணவனையும் ஆறு மக்களையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் அமைதியை அடையும் தாயாக, சாரா 1918க்குப் பல ஆண்டுகள் முன்பே நடித்துப் புகழ்பெற்றுவிட்டார். அப்போது அவருக்கு மணமும் ஆகவில்லை. துயரம் அவருடைய கலையை உருவாக்கவில்லை, பயிற்சியே உருவாக்கியது. பின்னர் வந்த துயரம் அந்தக் கலையைத் தேடிவந்து கண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். பெண் கலைஞர் ஒருவரின் திறமையை அவருடைய கண்ணீரைக் கொண்டு விளக்கும் வழக்கம் அவரது உழைப்புக்குச் செய்யும் அநீதியாகும்.

ஜூனோ

நாடு திரும்பிய சாரா மீண்டும் ஆபி மேடை ஏறினார். இதற்கிடையில் அயர்லாந்து முற்றிலும் மாறிவிட்டது. 1916இன் எழுச்சி, விடுதலைப் போர், 1921இன் உடன்படிக்கை, 1922 ஜூன் முதல் 1923 மே வரை நடந்த உள்நாட்டுப் போர் ஆகிய அனைத்தும் முடிந்திருந்தன. தோளோடு தோள் நின்று போரிட்டவர்கள் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்திய காயம் ஆறுமுன்னரே, டப்ளின் தொழிலாளியான ஷான் ஓகேசி அதனை நாடகமாக்கினார். 1924 மார்ச் 3ஆம் நாள் 'ஜூனோவும் மயிலும்' ஆபியில் அரங்கேறியது.

நகரத்துப் பாழடைந்த மாடிக்குடியிருப்பு ஒன்றில் வாழும் பாயில் குடும்பத்தின் கதை அது. வேலைக்குப் போகாமல் குடித்துத் திரிந்து, மயில்போலத் தோகை விரித்துக் காட்டும் கணவன். போரில் ஒரு கையை இழந்தவனும், தோழன் ஒருவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு அஞ்சி நடுங்குபவனுமான மகன். நம்பியவனால் கைவிடப்பட்டுக் கருவுற்ற மகள். இவர்களைத் தாங்கி நிற்கும் தூண் ஜூனோ. வரும் என்று நம்பிய சொத்து வராமற்போகிறது. மகனைப் பழைய தோழர்களே கொண்டுபோய்ச் சுட்டுக் கொல்கின்றனர். முன்னர் அண்டை வீட்டுத் தாய் ஒருத்தி தன் மகனை இழந்து புலம்பியபோது, தான் போதிய இரக்கம் காட்டவில்லையே என்று ஜூனோ அப்போது உணர்கிறாள். அந்தத் தாய் சொன்ன சொற்களையே தானும் சொல்லி இறைவனிடம் மன்றாடுகிறாள். காட்டிக்கொடுக்கப்பட்டவனின் தாய்க்கும் காட்டிக்கொடுத்தவனின் தாய்க்கும் ஒரே புலம்பல் என்பதே அந்நாடகத்தின் உள்ளீடு.

அவையில் அமர்ந்திருந்தோருள் உள்நாட்டுப் போரின் இரு தரப்பினரும் இருந்திருப்பர். ஓராண்டுக்கு முன்னர்த்தான் மகனையோ உடன்பிறந்தானையோ இழந்தவர்கள் அவர்கள். அவர்கள்முன் நின்று அந்த மன்றாட்டைச் சொல்லும் நடிகை சற்றே மிகைப்படுத்தினாலும் அது போலியாகும். சற்றே குறைத்தாலும் இறந்தவர்க்கு இழிவாகும். அந்த நுண்ணிய அளவைச் சாரா பிடித்தார். பாரி ஃபிட்ஜெரால்டு கணவனாகவும், எஃப். ஜே. மக்கார்மிக் அவன் கூட்டாளி ஜாக்சராகவும் நடித்து அவையைச் சிரிப்பில் ஆழ்த்திய அதே நாடகத்தில், சிரிப்பை நிறுத்தி மௌனத்தைக் கொண்டுவரும் பொறுப்பு சாராவுடையது. நாடகம் பெருவெற்றி கண்டது. கடனில் தத்தளித்த அரங்கைக் கரையேற்றியதில் ஓகேசியின் நாடகங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1925இல் புதிய அரசு ஆபிக்கு 850 பவுன் மானியம் அளித்தது. அதே ஆண்டின் இறுதியில் 'ஜூனோ' இலண்டனிலும் மேடையேறி, சாராவின் பெயரை அந்நகரத்தில் நிலைநாட்டியது.

பேசும் படமும் பேசத் தெரிந்தவரும்

திரைப்படம் சாராவுக்கு முற்றிலும் புதிதன்று. 1918இல் ஆஸ்திரேலியாவில் 'ஜஸ்ட் பெக்கி' என்னும் மௌனப் படத்தில் நடித்திருந்தார். ஆனால் குரலே முதலான கலைஞரிடமிருந்து குரலைப் பறித்துவிட்டு எடுத்த படம் எவ்வளவு தூரம் செல்லும்? பேசும் படம் வந்ததும் நிலைமை மாறியது. 1929இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'பிளாக்மெயில்' முதலில் மௌனப் படமாகத் தொடங்கப்பட்டு, இடையில் பேசும் படமாக மாற்றப்பட்டது. கதைத்தலைவியாக நடித்த ஆனி ஓந்த்ரா செக் நாட்டு மொழிச்சாயலுடன் ஆங்கிலம் பேசியமையால், படப்பிடிப்பின்போதே ஜோன் பேரி என்னும் நடிகை மறைவில் நின்று பேச, ஓந்த்ரா வாயசைத்தார். அப்படத்தில் தலைவியின் தாயாக நடித்தவர் சாரா. மகளுக்கு இரவல் குரல். தாய்க்கோ இருபத்தைந்து ஆண்டுக்காலம் பண்பட்ட சொந்தக் குரல்.

1930இல் ஹிட்ச்காக் 'ஜூனோவும் மயிலும்' நாடகத்தையே படமாக்கினார். ஜூனோ சாராவே, மாலியும் உடன் நடித்தார். நாடகத்தை அப்படியே படம்பிடித்தது போன்றது என்று அப்படத்தைக் குறைகூறுவோர் உளர். குறை உண்மையே. ஆயினும் ஆபி அரங்கின் ஜூனோ எவ்வாறு பேசினாள் என்பதற்கு நமக்குக் கிட்டிய நேரடிச் சான்று அதுவே. பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் 1930களின் நடுவில் 'கடலுக்குச் செல்வோர்' நாடகத்தைச் சிறு படமாக எடுத்தபோதும் மோர்யாவாகச் சாரா நடித்தார். மேடைக் கலைஞர் ஒருவருக்குத் தம் இரு பெரும் பாத்திரங்களும் படச்சுருளில் பதிவாகும் பேறு அக்காலத்தில் அரிதினும் அரிது.

ஹாலிவுட்டில்

1940 ஜனவரியில் நியூயார்க்கில் 'ஜூனோ' மீண்டும் மேடையேறியது. பாரி ஃபிட்ஜெரால்டு கணவன், சாரா ஜூனோ. அதன்பின் சாரா ஐரோப்பா திரும்பாமல் ஹாலிவுட் சென்றார். அறுபதை அணுகிய வயதில், போர் சூழ்ந்த காலத்தில், மீண்டும் ஒரு புதிய தொடக்கம். 1941இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' வெளிவந்தது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தின் கதை. போர் காரணமாக வேல்சுக்குச் செல்ல இயலாமல் கலிபோர்னியாக் குன்றுகளிடையே சுரங்க ஊரையே கட்டி எழுப்பினர். மார்கன் குடும்பத்துத் தாய் பெத் வேடம் சாராவுக்கு. வேலைநிறுத்தத்தின்போது கணவனுக்கு எதிராகத் தொழிலாளர் முணுமுணுக்கின்றனர் என அறிந்து, பனி பெய்யும் இரவில் மலையேறிச் சென்று கூட்டத்தின் நடுவே நின்று எச்சரிக்கும் காட்சி மறக்க முடியாதது. அந்தப் பேச்சில் மேடைப் பகட்டு சிறிதும் இல்லை. மூச்சு வாங்குகிறது, குரல் உடைகிறது, ஆனால் ஒரு சொல்லும் சிதையவில்லை. அது ஃபிராங்க் ஃபே தந்த பயிற்சியின் தொலைதூர எதிரொலி. சிறந்த துணை நடிகைக்கான அகாதெமி விருதுக்குச் சாராவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. விருது மேரி ஆஸ்டருக்குச் சென்றது. படம் அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது.

அதன்பின் வந்த ஆண்டுகளின் கதை சற்று மனத்தை வருத்துவது. 'ஜேன் அயர்' படத்தில் பணிப்பெண் பெசி, 'தி லாட்ஜர்' படத்தில் விடுதி வீட்டுக்காரி, 'தி ஸ்பைரல் ஸ்டேர்கேஸ்' படத்தில் செவிலி, 'சீப்பர் பை தி டஜன்' படத்தில் வீட்டு வேலைக்காரி எனச் சிறு சிறு வேடங்களே தொடர்ந்தன. அவற்றையும் அவர் குறைவின்றிச் செய்தார். ஆயினும், ஐரிஷ் முதிய பெண் என்றால் அடுப்பங்கரைக்கே உரியவள் என்னும் ஹாலிவுட்டின் எண்ணத்துக்கும், ஆங்கில மேடையின் பழைய ஐரிஷ் கோமாளிக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு இருந்ததா? எந்தப் பழைய உருவத்தை அழிப்பதற்காக ஆபி அரங்கு பிறந்ததோ, அதனோடு உறவுடைய ஓர் உருவத்துக்குள்ளேயே அதன் தலைசிறந்த நடிகை இறுதியில் அடைக்கப்பட்டார். இதனை அவருடைய குறை எனச் சொல்வது பொருந்தாது. வயது முதிர்ந்த நடிகைக்குப் பிழைக்கும் வழி அது ஒன்றே எனத் திறந்திருந்தது.

சாரா 1945இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1950 செப்டம்பர் 13ஆம் நாள் கலிபோர்னியாவில் மாரடைப்பால் காலமானார். அடுத்த ஆண்டு ஜூலையில் பழைய ஆபி அரங்கு தீக்கிரையானது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1966இல், அதே இடத்தில் புதிய அரங்கு எழுந்தது. தங்கை மாலி 1952இல் இங்கிலாந்தில் மறைந்தார். கட்டடமும் குரல்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மறைந்துபோயின.

எஞ்சியது

மோர்யா, ஜூனோ, பெத் ஆகிய மூவரும் வெவ்வேறு ஊரார், வெவ்வேறு ஆசிரியர்களின் படைப்புகள். ஒருத்தியின் மக்களைக் கடல் கொண்டது. ஒருத்தியின் மகனைப் போர் கொண்டது. ஒருத்தியின் மக்களைப் பிழைப்புத் தேடிய அயல்நாடும், கணவனைச் சுரங்கமும் கொண்டன. இம்மூவரையும் ஒரு வரிசையில் நிறுத்தி நாம் காண முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அவர்கள் ஒரே குரலில் பேசினர் என்பதே. அந்த இணைப்பைச் செய்தவர் எழுத்தாளர் எவரும் அல்லர், நடிகையே.

இலக்கியக் கழகங்கள் பெரும்பாலும் எழுதப்பட்டதைப் போற்றவே கூடுகின்றன. அது முறையே. ஆனால் நாடகம் என்னும் வகையைப் பற்றிப் பேசும்போதேனும், ஏட்டில் உள்ளது பாதியே என்பதை நாம் மறக்கலாகாது. மேற்கு அயர்லாந்தின் பேச்சுவழக்கைச் சிங் எழுதினார். அதை இலக்கியமாக ஏற்றுக்கொள்ளுமாறு அவையோரைப் பணியவைத்தவை நடிகர்களின் நாவுகள். உள்நாட்டுப் போரின் புண்ணை ஓகேசி எழுதினார். அதன்மேல் கைவைத்தும் வலிக்காதவாறு தடவியது சாராவின் குரல். மெத்தை தைக்கப் பழகிய அந்த டப்ளின் பெண்ணுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இலக்கியம் கற்பிக்கவில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெருநாடகங்கள் சிலவற்றை அவையோர் முதன்முதலில் கேட்டறிந்தது அவர் வாயிலாகவே. நாடக வரலாறு எழுதுவோர் ஆசிரியர் பெயருக்கு அருகில் அந்தப் பெயரையும் எழுதுவார்களாயின், அதுவே அவருக்குச் செய்யும் நன்றிக்கடனாகும்.